ஒருவருக்கு இரண்டு விநாடி

பதிவு 1
நாள் 211, நேரம் 06:40
நிலவு, தெற்குச் சுரங்கக் குடியிருப்பு, வாயில் அறை

மூன்று வாயில்களும் சரி. சுழல்கம்பிகள் தடையின்றிச் சுற்றுகின்றன. அட்டை படிக்கும் கருவிகள் சரி. காப்பறைக் கதவு சரி. காற்றழுத்தம் சரி.

எழுதியவர் ஆவுடையப்பன், வயது அறுபத்தெட்டு, வாயில் பொறுப்பாளர்.

இதைக் கண்டெடுத்து வாசிப்பவருக்கு வணக்கம். எனக்கு முன்பு இங்கே உட்கார்ந்தவர்கள் "சரி" என்ற ஒரே சொல்லோடு பக்கத்தை முடித்திருக்கிறார்கள். நான் கூடுதலாக எழுதப்போகிறேன். எழுதக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள், ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டின் கதவைத் திறந்து மூடினேன். எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லத் தெரியும், யார் யார் என்று எழுதத் தெரியாது. இப்போது தெரியும். ஒரு பக்கம் நிரப்பப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடம் முழுக்க எனக்குச் சிரிப்பாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

07:25. வீட்டிலிருந்து வந்த செய்தி. பேசியவர் என் மனைவி மாரிக்கனி.

"என்ன எழுதிக் கிழிக்கீரு அங்கன? இட்லி கல்லாப் போச்சி. எழுத்து வந்ததுலேர்ந்து வாய்ப்பேச்சே நின்னு போச்சி உமக்கு. எனக்கு ஒரு கடுதாசி எழுதும், வாசிக்க ஆளு பாத்துக்கிடுதேன்."

பதிவை இத்துடன் நிறுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போகிறேன்.

பதிவு 2
நாள் 212, நேரம் 08:10

வாயில்கள் சரி.

இன்று புதிய மென்பொருள் வந்தது. நாங்கள் அதைப் புள்ளிப்படம் என்கிறோம். வடக்கு நிலையத்துப் பொறியாளர் ஜுனைதா வானொலியில் சொல்லச் சொல்ல நானே நிறுவினேன்.

திரையில் நம் சுரங்கத்தின் வரைபடம். அதில் மனிதர்கள் பச்சைப் புள்ளிகளாக நடப்பார்கள். ஒரு புள்ளியை மற்றவை நெருக்கினால் அது மஞ்சளாகும். மூச்சு விட முடியாத அளவு நெருக்கினால் சிவப்பு. உயிர் போனால் சாம்பல் நிறம். ஒத்திகைக்கு ஓட்டினால் அவை கற்பனை ஆட்கள். நிஜத்தில் சங்கு ஊதினால் அதே திரை ஒவ்வொருவர் அட்டையையும் வைத்து உண்மையான ஆட்களைக் காட்டும். புள்ளியைத் தொட்டால் பெயர் வரும், அட்டை வழியாக அவரோடு பேசவும் முடியும். வாயில்களும் நான் அமைத்த எண்களின்படியே இயங்கும்.

ஒவ்வொரு வாயிலுக்கும் நான் நிரப்ப வேண்டியவை: எந்தத் திசையில் சுழல வேண்டும், கம்பி எவ்வளவு பலத்தோடு தள்ளலாம், ஒருவர் கடக்க எத்தனை விநாடி. அட்டையைக் காட்டியதும் கம்பி அத்தனை விநாடிதான் திறந்திருக்கும். பிறகு பூட்டிக்கொண்டு அடுத்தவருக்குத் திறக்கும்.

காற்றுக் கசிந்தால் எல்லோரும் ஒதுங்கும் காப்பறைக்கு எதற்கு வாயில் என்று வாசிப்பவர் கேட்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு காற்றுக் கசிந்தபோது எல்லோரும் திறந்த கதவில் முட்டி மோதி அங்கேயே பதினோரு பேர் நசுங்கிச் செத்தார்கள். அதன் பிறகுதான் வாயில்கள் வந்தன. ஒவ்வொருவராகத்தான் போக முடியும்.

எத்தனை விநாடி என்று போன மாத ஒத்திகையின்போது நானே கடிகாரத்தோடு நின்று அளந்தேன். வாயில் வரை வந்து, அட்டையைக் காட்டி, கம்பியைத் தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு மேல் உள்ளே போக வேண்டியதில்லை என்று உத்தரவு. சராசரி இரண்டு விநாடி.

மூன்று வாயிலுக்கும் 2 என்று நானே தட்டினேன். அறுநூற்று எட்டுப் புள்ளிகள் ஏழு நிமிடத்துக்குள் உள்ளே போயின. ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. பொரியைத் தட்டில் கொட்டியதுபோல் அழகாக இருந்தது. பதினான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஜுனைதா சொன்னது: "ஐயா, ஒரு தடவ பாத்தா போதும். அது சினிமா இல்ல."

பதிவு 3
நாள் 214, நேரம் 15:30

வாயில்கள் சரி. இரண்டாம் வாயிலில் எண்ணெய் விட்டேன்.

இன்று காப்பறைக்குள் போய்வந்தேன். பதினோரு பேரின் பெயர்களை உள்சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் சாம்பலும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைப் பார்த்திருக்கிறேன், இன்றுதான் வாசித்தேன். ஏழாவது பெயர் கூண்டில் என்னோடு வேலை பார்த்த வேலாயுதம். அவர் பெயர் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. விரலால் தடவித் தடவி இரண்டு முறை வாசித்தேன்.

வாசலில் மாரிக்கனி காத்திருந்தாள். வழியெல்லாம் கேலி. நாளைக்கு அவளுக்குக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பதிவு 4
நாள் 216

கீழே உள்ளவற்றை மாலையில் எழுதுகிறேன். நேரங்கள் மென்பொருள் பதித்தவை. நான் போட்டவை அல்ல.

09:14. கிழக்குத் துளையில் வெடி வைத்தபோது பாறை பிளந்து காற்று கசியத் தொடங்கியது. சங்கு ஊதியது. பன்னிரண்டு நிமிடக் காற்று மிச்சம் என்று திரை சொன்னது. 09:26-க்குக் காப்பறைக் கதவு தானாக மூடும். என் அறைக்குத் தனிக் காற்று உண்டு. அறுநூற்று எட்டுப் பேரும் உள்ளே போக வேண்டும். ஏழு நிமிடம் போதும். எனக்குப் பயமே இல்லை.

09:16. முதல் ஆட்கள் வாயிலுக்கு வந்தார்கள்.

09:17. ஒருவருக்கு ஒன்பது விநாடி ஆகிறது என்று திரை காட்டியது. மென்பொருள் கோளாறு என்று நினைத்து ஒரு நிமிடத்தை வீணாக்கினேன். முன்வரிசைப் புள்ளிகள் மஞ்சளாகின.

09:18. வாயிலின் உள்பக்கம் காவல் நின்ற இசக்கிராஜ் வானொலியில் பேசினார். இருவரும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, கூட்டம் நவுர மாட்டேங்கி. அட்டையக் காட்டிட்டு எல்லாரும் குனிஞ்சி பூட்ஸக் கழத்துதாவ. நிமிருததுக்குள்ள கம்பி பூட்டிக்கிடுது. மறுபடியும் அட்டையக் காட்டுதாவ."

"ஏம்லே கழத்துதாவ?"

"உள்ள பேரு இருக்குல்லா அண்ணாச்சி. அவுங்க இருக்க எடத்துல பூட்ஸோட எப்பிடிப் போவ?"

"நீ கழத்திட்டியா?"

"நா அப்பவே கழத்திட்டேன்."

நானும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாசலில் ஒருவர்கூடப் பூட்ஸோடு நுழைந்ததில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, பலகை எதுவும் இல்லை. கால் தானாக நின்றுவிடும், முதுகு தானாகக் குனிந்துவிடும். முந்தாநாள் நானும் கழற்றிவிட்டுத்தான் போனேன். ஆனால் விநாடி அளந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. ஒத்திகையில் யாரும் உள்ளே போகவில்லை, அதனால் யாரும் கழற்றவில்லை. நான் அளந்தது வாயிலை மட்டும்.

பூட்ஸைப் பற்றி வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டும். இங்கே அறுபது கிலோ ஆள் பத்துக் கிலோதான். தரையில் நிற்பதற்காக அடியில் காந்தம் வைத்த கனமான பூட்ஸ் போடுகிறோம். இரும்புத் தரையில் வைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும், உதைத்தால் நகராது. அது இல்லாமல் வெறுங்காலோடு நிற்பவரைப் பின்னால் இருப்பவர் தோளால் இடித்தால் ஆள் மேலே போய்விடுவார்.

09:19. மூன்று வாயிலிலும் 2-ஐ அழித்துவிட்டு 9 போட்டேன். ஒலிபெருக்கியில் கத்தினேன். "பூட்ஸக் கழத்தாதீய. அப்பிடியே உள்ள போங்க. செத்தவுக மன்னிப்பாவ." சிலர் கேட்டார்கள். கழற்றியவர்கள் திரும்பத் தேடினார்கள். முன்னால் நூற்றைம்பது பூட்ஸ் தரையோடு ஒட்டிக் கிடந்தன. பின்னால் ஐந்நூறு பேர் காற்று மெலிவதை உணர்ந்து ஓடி வந்தார்கள்.

09:20. இசக்கிராஜ்: "விழுதாவ. பூட்ஸ் தட்டி விழுதாவ. மேல மேல ஏறுதாவ. வெறுங்கால் ஆளுவ கூரைக்குப் போயிட்டாவ அண்ணாச்சி, கூரையில வச்சி நசுக்குதாவ."

திரையில் சிவப்பு. ஒரு புள்ளியின் மேல் இன்னொரு புள்ளி, அதன் மேல் இன்னொன்று. ஒத்திகையில் நான் இப்படிப் பார்த்ததில்லை. இசக்கிராஜின் வானொலி திறந்தே இருந்தது. விலா எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குத் தெரியும். கூண்டு வேலையில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இப்போது அது ஈர விறகு முறிவதைப்போல் தொடர்ந்து கேட்டது.

09:20:40. இரண்டாம் வாயிலின் கம்பிகளுக்கு நடுவில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு வாயிலில் ஆள் சிக்கினால் பாதுகாப்புக்காக மூன்றும் நின்றுவிடும். மூன்றும் நின்றன. உள்ளே அறுபது பேர் போயிருந்தார்கள்.

09:21:00. வானொலியில் ஜுனைதா, அவர் திரையிலும் இதே படம்தான்: "ஐயா, கேளுங்க. ரெண்டாவது வாயில் காலியானாத்தான் மத்த ரெண்டும் திறக்கும். கம்பியோட பலம் இப்ப நாப்பதுல இருக்கு. நானூறு போடுங்க. திருப்பிச் சுத்துங்க. இங்கருந்து என்னால மாத்த முடியாது, உங்க அறையிலதான் அது இருக்கு."

நானூறு போட்டால் கம்பி நிற்காது. நடுவில் என்ன இருந்தாலும் அறுத்துக்கொண்டு சுழலும்.

நடுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒன்பது என்றார். ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டேன்.

பேச்சித்தாய். தளவாய். அந்தோணிப்பிச்சை. சுடலைவடிவு. மைதீன்பாத்து. ஞானப்பழம். கொம்பையா. அருணாசலவடிவு. மாரிக்கனி.

எட்டு மாதத்துக்கு முன்பென்றால் அவை ஒன்பது புள்ளிகள்.

09:21:20. மாரிக்கனியின் அட்டையிலிருந்து: "ஏங்க. காலு மாட்டிக்கிட்டு. மேல ஆளு கெடக்கு. மூச்சு விட முடியல. கேட்டத் தொறயுமே."

அவள் புள்ளியை மறுபடி தொட்டேன்.

09:21:35. ஜுனைதா: "ஐயா, வெளிய மூணு புள்ளி சாம்பல்."

நான் அவரிடம், வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

09:21:50. "ஐயா, ஒம்பது."

வேறு வழி இருக்கிறதா என்று மறுபடி கேட்டேன்.

09:22:10. "ஐயா, இருபத்திரண்டு. ஐயா, நீங்க கேக்கறீங்களா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திரையில் இருந்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்த பெயர்தான். மெதுவாக வாசித்தேன்.

09:22:25. மாரிக்கனி: "இருக்கீரா?"

நான்: "இருக்கேன். தொறக்கேன். கண்ண மூடிக்கோ."

09:22:30. பலம் 400. திசை வெளிப்புறம். சுழற்று.

எட்டு விநாடி ஆனது. இசக்கிராஜின் வானொலியில் அந்த எட்டு விநாடியும் கேட்டது. கம்பி மூன்று முறை தடைபட்டு மூன்று முறையும் மீண்டும் சுழன்றது. பிறகு தடையில்லாமல் சுழன்றது. நான் ஒலியைக் குறைக்கவில்லை.

09:22:38. மூன்று வாயில்களும் திறந்தன. எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினேன். எல்லோரும் போனார்கள். பூட்ஸ் மேல், ஆட்கள் மேல், இரண்டாம் வாயிலில் மிச்சமிருந்தவற்றின் மேல் ஏறிப் போனார்கள்.

09:26. கதவு மூடியது. உள்ளே ஐந்நூற்று அறுபத்தெட்டுப் பேர். வாயிலில் ஒன்பது. வாயிலுக்கு வெளியே முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொருவரில் ஒருவர்கூட 09:21-க்கு முன்பு சாகவில்லை. ஜுனைதா சொன்னவுடன் நான் எண்ணைத் தட்டியிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள். தொண்ணூறு விநாடி. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

பதிவு 5
நாள் 217, நேரம் 11:00

வாயில்கள் சரி என்று எழுத முடியாது.

வடக்கிலிருந்து ஆட்கள் வந்து பிளவை அடைத்தார்கள். காற்று நிரப்பினார்கள். காப்பறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அந்த வாசலைக் கடந்துதான் வர வேண்டும். இரண்டு பேர் மயங்கி விழுந்ததாக இசக்கிராஜ் சொன்னார். இரண்டாம் வாயிலைக் கழுவும்போது தன் கை நடுங்கவில்லை என்றும், அதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஜுனைதா பேசினார். "ஐயா, அறிக்கையில நெரிசல்ல முப்பத்தொண்ணு, வாயில்ல ஒம்பதுன்னு போட்டிருக்கேன். அந்த ஒன்றரை நிமிஷத்தப் பத்தி நா எழுதல. யாரா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பாங்க. நீங்களும் எழுதாதீங்க."

எழுதிவிட்டேன் என்றேன்.

"அந்தப் பக்கத்தக் கிழிங்க ஐயா" என்றார்.

என் எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கொள்ளும். கிழித்தால் பத்துப் பக்கமாவது கிழிக்க வேண்டும்.

பதிவு 6
நாள் 218, நேரம் 16:05

இசக்கிராஜ்: "அண்ணாச்சி, கதவப் பூட்டிக்கிடும். கம்பியில செத்த மத்த எட்டு வீட்டு ஆளுவளும் வாறாவ. முன்னால ஒம்ம மச்சினன் பால்வண்ணன். கையில துளைக்கம்பி இருக்கு. நா தடுத்தேன், என் பல்லு ரெண்டு போச்சி."

திரையில் பதினேழு புள்ளிகள் சுரங்க வழியில் வருகின்றன. பெயர்களை வாசித்தேன். ஒன்பது பேரைக் கொன்றவனைத் தேடி வருகிறார்கள்.

ஒன்பது என்ற கணக்கு தவறு.

16:12. ஒலிபெருக்கியைத் திறந்து, வெளியே செத்த முப்பத்தொருவரின் பெயர்களையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அது சாம்பலான நேரம். பிறகு 09:21:00 என்றால் என்ன, 09:22:30 என்றால் என்ன என்று சொன்னேன். கம்பிகளுக்கு நடுவில் யார் இருந்தார் என்றும் சொன்னேன்.

ஜுனைதா வானொலியில் என்னை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாசித்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. என் வாசிப்பு இன்னும் மெதுவானதுதான்.

16:24. பதினேழு புள்ளிகள் இப்போது தொண்ணூற்று நான்கு. இன்னும் வீடுகளிலிருந்து கிளம்புகின்றன.

16:26. ஜுனைதா: "ஐயா, பின் கதவு வழியா பம்ப் அறைக்குப் போங்க. அங்க வண்டி நிக்குது. இருபது நிமிஷத்துல வடக்கு வந்துடலாம். தயவுசெஞ்சு போங்க."

16:27. என் அறைக்கு வரும் வழி ஒன்றரை மீட்டர் அகலம். கதவு எழுபது சென்டிமீட்டர். வருபவர்களின் அட்டைகளையும் என் அட்டையையும் கொடுத்துப் புள்ளிப்படத்தில் ஒத்திகை ஓட்டினேன். தொண்ணூற்று நான்கு பேர் கோபத்தோடு வந்தால் கதவடியில் சிவப்பு. ஆறு சாம்பல். முன்னால் வருபவர்கள். அதில் பால்வண்ணன் ஒருவன்.

16:29. கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டேன். மேசையைச் சுவரோடு தள்ளினேன். மறுபடி ஓட்டினேன். மூன்று சாம்பல்.

16:31. வந்தவர்கள் அதே வழியில் திரும்பினால் எதிரெதிரே மோதிக்கொள்வார்கள். பின் கதவைத் திறந்து வைத்தேன். வெளியேறும் வழி என்று அமைத்தேன். அவர்களுக்கு. திசை ஒரு பக்கம். ஓட்டினேன். கதவடியில் இன்னும் ஒன்று.

ஜுனைதா அழுகிறார். ஒலியைக் குறைத்துவிட்டேன்.

16:33. பால்வண்ணன் குரல் வழியில் கேட்கிறது. "அக்காள எதுக்குவே ஒன்றர நிமிஷம் அந்தக் கம்பியில போட்டு வச்சீரு? கொல்லுததுன்னா ஒடனே கொல்ல வேண்டியதுதான."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

16:34. வழியின் வளைவில் நிறுத்தம் அமைத்தேன். அங்கிருக்கும் தடுப்பு இந்த அறையிலிருந்து இயங்கும். பத்துப் பத்துப் பேராக விடும்.

ஒருவருக்கு எத்தனை விநாடி என்று திரை கேட்கிறது. என்னிடம் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியாது. பத்தாவது ஆளுக்கு மேல் அவ்வளவு நேரம் தேவைப்படாது. இருந்தாலும் தாராளமாக இருக்கட்டும்.

30.

ஓட்டினேன்.

16:35. எல்லாம் பச்சை. ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் வந்து போகிறார்கள். நடுவில், என் நாற்காலி இருக்கும் இடத்தில், ஒரே ஒரு சாம்பல் புள்ளி. தொட்டுப் பெயரை வாசித்தேன்.

மற்றபடி சிவப்பு இல்லை.

16:36. முதல் பத்துப் பேர். தடுப்பைத் திற.